எலெக்ட்ரிகல் குரூப்புக்கு ரெண்டு பேர் குறையுது

தொழிற்கல்வியைப் பற்றி வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மேடையில் பேசியிருக்கிறேன். அந்த ஒரு முறையையும் தவிர்த்திருந்தால் எங்கள் வீட்டில் கொஞ்சம் நிம்மதி மிஞ்சியிருக்கும்.

என் மகள் படிக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆண்டு விழா அது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் நானும் ஓர் உறுப்பினன். வருவதாகச் சொன்ன சிறப்பு விருந்தினர் வரவில்லை. நாலு புத்தகம் படித்தவன் என்ற கெட்ட பெயர் எனக்கு உண்டு. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பயனில்லை, மேடையேற்றிவிட்டார்.

இருபது நிமிடம் பேசினேன். பிள்ளைகளை டாக்டர், இன்ஜினியர் என்று விரட்டுவது எவ்வளவு பெரிய வன்முறை என்றேன். ஸ்பேனர் பிடிக்கிற கையும் ஸ்டெதஸ்கோப் பிடிக்கிற கையும் ஒன்றுதான் என்றேன். பள்ளியிலேயே தொழிற்கல்விப் பிரிவு இருக்கும்போது அதைக் கடைசி குரூப் என்று பெற்றோர் ஒதுக்குவதைக் கண்டித்தேன். கண்டிக்கும்போது என் குரல் லேசாகக் கம்மியது. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை, தானாக வந்தது. பலத்த கைத்தட்டல். அதில் பாதி, பேச்சு முடிந்துவிட்டதே என்பதற்காக இருக்கலாம். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

பத்தாம் வகுப்பு வரிசையில் என் மகள் உட்கார்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை நான் யோசிக்கவில்லை. வீட்டில் நான் பேசுவது எதையும் அவள் கேட்டதில்லை. மேடையில் பேசினால் மட்டும் கேட்பாள் என்று யாருக்குத் தெரியும்?

தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். வாலாஜாபாத்திலிருந்து என் அண்ணன் போன் செய்து, "பயோ மேத்ஸ்தானே?" என்றார். அவருக்கு அது கேள்வியே இல்லை, வாழ்த்துச் சொல்கிற முறை. ஆமாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டினாள். பக்கவாட்டில் ஆட்டினாள்.

"நான் எலெக்ட்ரிகல் எடுக்கறேன்பா. வொக்கேஷனல்ல."

போனை வைத்தேன். "இவ்ளோ மார்க் வாங்கிட்டா?"

"மார்க் குறைஞ்சவங்கதான் அதுல சேரணுமா? அது வன்முறைன்னு நீதானபா சொன்ன."

"அது பொதுவா சொன்னதும்மா."

"பொதுவான்னா? மத்தவங்க வீட்டுப் பசங்களுக்கா?"

என் மனைவி சட்னி கொண்டு வந்து வைத்தாள். "குரல் கம்மினப்பவே நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். மின்சார வாரிய அலுவலகத்தில் கட்டணப் பிரிவில் எழுத்தராக இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன். அவர் துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். மின்சாரத்தை நான் காகிதத்தில் மட்டும்தான் சந்தித்திருக்கிறேன். அந்த அளவில் நாங்கள் நல்ல நண்பர்கள். என் பெண் எலெக்ட்ரிகல் எடுக்கிறாள் என்று அலுவலகத்தில் சொன்னால், 'வாரியத்திலேயே சேர்த்துவிடலாம் சார், கம்பத்தில் ஏற ஆள் குறைகிறது' என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எனக்கு யோசனை.

ஆனால் மேடையில் அப்படிப் பேசிவிட்டு வீட்டில் முடியாது என்று சொல்ல எனக்கு வெட்கம். அதனால் எழுத்தர்கள் சங்கடத்தில் செய்கிறதையே செய்தேன். "பார்க்கலாம்" என்றேன். சேர்க்கை விண்ணப்பத்தை அவள் நிரப்பி, எலெக்ட்ரிகல் கட்டத்தில் டிக் போட்டு, பெற்றோர் கையெழுத்துக்காக என்னிடம் கொடுத்தாள். வாங்கிப் பைக்குள் வைத்தேன். அலுவலகத்தில் இதற்கு நிலுவை என்று பெயர். நிலுவையில் இருக்கும் விஷயங்கள் பெரும்பாலும் தாமாகவே செத்துவிடும்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு சுற்றறிக்கை.

"சார், நல்ல விஷயம். தொழிற்கல்வி லேபுக்கு அரசு பணம் ஒதுக்கியிருக்குது. லிஸ்ட்ல நம்ம பள்ளி பேரும் வந்திருக்குது."

எங்கள் பள்ளியின் எலெக்ட்ரிகல் ஆய்வகத்தை நான் பார்த்திருக்கிறேன். மரப்பலகையில் மூன்று சுவிட்ச், இறக்கை இல்லாத ஒரு மின்விசிறி, மோட்டாரின் உள்பாகங்களைக் காட்டும் ஒரு சுவர்ப்படம். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு பல்லி நிரந்தரப் பணியில் இருந்தது. பணியில் நிரந்தரமாக இருந்தது அது மட்டும்தான். பயிற்றுநர் பகுதி நேரம். எனவே செய்தியைக் கேட்டு உண்மையிலேயே மகிழ்ந்தேன். பொதுவாக மகிழ்ந்தேன்.

"ஆனா ஒரு கண்டிஷன். பதினொன்னுல இத்தனை பேர் சேர்ந்திருந்தாத்தான் பணம். இல்லன்னா அந்தப் பிரிவையே மூடிட்டு, இருக்கற பசங்கள வேற குரூப்புக்கு மாத்தச் சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பேர்ப்பட்டியல ஏத்தணும். எண்ணிப் பாத்துட்டேன். ரெண்டு பேர் குறையுது."

நான் சுற்றறிக்கையை வாங்கிப் படித்தேன். பணம் வந்தால்தான் கருவிகள் வரும். கருவிகள் இருந்தால்தான் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் வந்தால்தான் பணம் வரும். எங்கே தொடங்கினாலும் தொடங்கின இடத்துக்கே கொண்டுவந்து விடுகிற அழகான உரைநடை. யார் எழுதியிருந்தாலும் அவர் என் சாதி, எழுத்தர் சாதி.

"நீங்க பிள்ளையார்பாளையம் நெசவாளர் தெருப் பக்கம் போய் பேரன்ட்ஸ்கிட்ட பேசணும் சார்" என்றார் தலைமையாசிரியை. "அன்னைக்கு நீங்க பேசினதுல நானே ஒரு நிமிஷம் கலங்கிட்டேன்."

என் பைக்குள் ஒரு விண்ணப்பம் கிடப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. படி இறங்கும்போது என் மனதில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்: இரண்டு பேர் கிடைக்கவில்லை என்றால் பிரிவை அரசே மூடிவிடும். மகளுக்கு நான் வில்லனாக வேண்டியதில்லை, அரசாங்கம் ஆகிவிடும். அதற்குப் பழக்கம்தான். நான் செய்ய வேண்டியதெல்லாம் பாடுபட்டுத் தோற்பது. தோற்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டால் இன்னும் உத்தமம்.

புதன்கிழமை அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாளில் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கேட்கிற தறிச் சத்தம் அன்று இருக்காது. நான் செவிலிமேட்டுப் பக்கம் புது வீடு கட்டிக் குடியிருக்கிறவன். பூர்வீகம் வாலாஜாபாத் பக்கம் விவசாயக் குடும்பம். தறியைப் பற்றி எனக்குத் தெரிந்தது வெளிச்சத்தம் மட்டும்தான். தறிக்கு லீவு என்றால் தறிக்காரருக்கும் லீவு, கோயில், சினிமா என்று கிளம்பிவிடுவார்கள், பத்து வீட்டில் எட்டு வீடு பூட்டியிருக்கும், மிச்ச இரண்டு வீட்டில் தூங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். தலைமையாசிரியையிடம், "அமாவாசைக்குத்தான் மேடம் எல்லாரும் வீட்டுல இருப்பாங்க" என்றேன். அவர் என் அக்கறையை மெச்சினார்.

விண்ணப்பத் தாள்களைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டும் என்று மகளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன்.

தெருவில் ஒரு வீடும் பூட்டியில்லை. எல்லாக் கதவும் திறந்திருந்தது. தறி ஓடாத நாளில்தான் அதற்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எண்ணெய் போடுவது, நைந்த கயிறு மாற்றுவது, தளர்ந்ததை இறுக்குவது எல்லாம் மாதத்தில் அந்த ஒரு நாள்தான். போதாததற்கு, இப்போது பல வீடுகளில் தறிக்கு மேலே இருக்கும், புடவையில் டிசைன் விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்குவதில்லை. சின்ன மோட்டார் ஒன்று தூக்குகிறது. ஆகவே அமாவாசை என்பது அந்தத் தெருவில் மோட்டார் ரிப்பேர் நாள். தெருவுக்கே இருக்கிற ஒரே எலெக்ட்ரீஷியனுக்காக வீட்டுக்கு வீடு காத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே எலெக்ட்ரிகல் படிப்புக்கு இவ்வளவு ஆதரவான ஒரு தெருவை, இவ்வளவு பொருத்தமான ஒரு நாளில், தேடினாலும் பிடித்திருக்க முடியாது. தோற்பதற்கென்று போனவன் பிடித்துவிட்டேன்.

முதல் வீட்டு வாசலிலேயே ஒரு அம்மா நின்றிருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர் இருக்கலாம். கையில் போன். என் கழுத்தில் கழற்ற மறந்த அலுவலக அடையாள அட்டையைப் பார்த்தார்.

"இபி சாரா? வாங்க சார், வாங்க. எலெக்ட்ரீஷியனுக்குக் காலையிலேர்ந்து போன் அடிச்சிக்கினே இருக்கறன். இன்னும் நாலு வூடு இருக்குதுன்றான். நீங்களாவது வந்தீங்களே."

"நான் பில் செக்‌ஷன்மா. ஸ்கூல் விஷயமா வந்திருக்கோம்."

"அது பேசலாம். மோட்டார கொஞ்சம் பாருங்க."

"எனக்கு மோட்டாரெல்லாம் தெரியாதும்மா."

"கரண்ட்டுதான சார்? அதுல காசு மட்டும்தான் தெரியுமா உங்களுக்கு?"

உள்ளே தறி முக்கால் அறையை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் மல்லாந்து படுத்து ஒருவர் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். கால் மட்டும் தெரிந்தது. வீட்டுக்காரர். நான் நிமிர்ந்து மோட்டாரைப் பார்த்தேன். இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். அந்த அம்மா சுவிட்சைப் போட்டார். உம் என்று ஒரு உறுமல் மட்டும் வந்தது. "உறுமுது" என்றேன்.

"அது எங்களுக்கே கேக்குது சார்."

"கெப்பாசிட்டர் போயிருக்கும்" என்றாள் பின்னாலிருந்து என் மகள்.

"போன மாசம்தான் மாத்தினாங்க." இது அந்த வீட்டுப் பெண். அதே பள்ளி, அதே வகுப்பு, வேறு செக்‌ஷன். "மட்டமானத போட்டுட்டு போயிட்டாரோன்னு எனக்கு டவுட்டு."

"மேல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன். அம்மா தொட வுடல."

இரண்டு பேரும் மோட்டாருக்குக் கீழே நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. என் மகள் இரவும் பகலும் போனில் கெட்டுப்போகிறாள் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க அவள் கெப்பாசிட்டர் பார்த்திருக்கிறாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். முடிந்தவரை சுவாரஸ்யமில்லாமல் சொன்னேன். அரசு பணம் தரலாம், தராமலும் போகலாம், கருவிகள் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை, பயிற்றுநர் பகுதி நேரம். சுற்றறிக்கையே என்னைவிட ஆர்வமாகப் பேசியிருக்கும்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "இவ அந்த குரூப்புதான் வேணும்னு ஒரு மாசமா சொல்லிக்கினு இருக்கறா சார். நான்தான் வேணான்றன்."

எனக்கு மூச்சு வந்தது. "நீங்க சொல்றதும் சரிதான்மா. பொண்ணோட எதிர்காலம்னு ஒண்ணு..."

"எதிர்காலம் கெடக்குது. மோட்டார் பாக்கத் தெரிஞ்சா இந்தத் தெருவுலயே எதிர்காலம்தான். கிளாஸ்ல பொண்ணே இல்லியாமே சார். எல்லாம் பசங்களாம். எங்க தெருவுல பொம்பளப் புள்ளைய எங்கயும் தனியா அனுப்பறது இல்ல. டியூஷனா, கோயிலா, ரெண்டு பேரா போவாங்க, ரெண்டு பேரா வருவாங்க. தறியிலயே பாருங்களேன். ஒடம்பு ஒரு கலர், கரை ஒரு கலர்னு கோர்வைப் பொடவை போட்டா, இவரு இந்தாண்ட, நான் அந்தாண்ட. ஒத்த ஆளு உக்காந்தா ஒரு மொழம் ஏறாது. கூட ஒரு பொண்ணு சேருதுன்னு சொல்லுங்க, நான் கையெழுத்து போட்டுடறேன்."

மோட்டாருக்குக் கீழே பேச்சு நின்றிருந்தது.

"உங்க பொண்ணு இன்னா குரூப்பு சார்?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா. பேசிக்கிட்டு இருக்கோம்."

"நான் பேசி முடிச்சுட்டேன் ஆன்ட்டி" என்றாள் என் மகள். "அப்பாதான் பேசிக்கிட்டு இருக்காரு."

தறிக்கு அடியிலிருந்து முதல் முறையாகக் குரல் வந்தது. "சார் பேசி நான் கேட்டிருக்கறன். ஆண்டு விழாவுல. நல்லா பேசுனாரு."

கேலியா, பாராட்டா என்று முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். முகம் தறிக்கு அடியில் இருந்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க சார். வெள்ளிக்கிழமை நான் ஸ்கூலுக்கு வரேன். நீங்க உங்க பொண்ணுக்குப் போட்டா நானும் போடறேன். போடலன்னா இவள அக்கவுண்ட்ஸ் குரூப்புல சேத்துட்டு வந்துடறேன். உங்களுக்குன்னு ஒரு யோசனை இருக்கும், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அதற்கு மேல் அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் நான் போகவில்லை. குறைகிற இரண்டு பேரும் ஒரே தறிக்குக் கீழே நின்றுகொண்டிருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

ஸ்கூட்டரில் திரும்பினோம். செவிலிமேடு திரும்பும் இடத்தில் நானே கேட்டேன்.

"காலேஜுக்கு என்னம்மா பண்ணுவ?"

"பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம்பா. அதுக்கப்புறம் இன்ஜினியரிங். நீ கேப்பேன்னு விசாரிச்சு வெச்சிருக்கேன். நீ கேக்கவே இல்ல."

"ம்."

"உனக்கு என்னபா பயம்?"

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அவள் எதிர்காலத்தை நினைத்துப் பயந்தேன் என்று எழுத முடிந்தால் கௌரவமாக இருக்கும். நான் பயந்தது அண்ணனின் அடுத்த போனுக்கு. 'நாம சேத்துல இருந்து ஏறி வந்தது எதுக்குடா' என்று கேட்பார். அவர் கேட்பது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். மேடையில் என்றால் பதில் சொல்லிவிடுவேன். போனில் வராது.

வியாழன் காலை மனைவி டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "பேசாம அந்தப் பேச்ச வாபஸ் வாங்கிடுங்களேன். மைக் செட்டுக்காரர் நம்பர் என்கிட்ட இருக்கு."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை அறையில் அந்த அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மடியில் விண்ணப்பம். என் மகளும் அந்தப் பெண்ணும் வெளியே வராந்தாவில் நின்றிருந்தார்கள். உள்ளே பார்க்கவில்லை; பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் படுகிற பாடு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். இரண்டு வாரம் நிலுவையில் கிடந்ததில் ஓரம் மடங்கியிருந்தது. நீவி விட்டேன். 'இப்பிரிவைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம்' என்ற இடத்தில் அவள் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'எனக்குப் பிடித்திருக்கிறது.' இரண்டு வாரத்தில் அந்தத் தாளை நான் ஒரு தடவைகூட முழுதாகப் படித்திருக்கவில்லை. எழுத்தர் வேலையில் இது பெரிய குற்றம்.

கையெழுத்துப் போட்டேன்.

அந்த அம்மா கையை நீட்டினார். கொடுத்தேன். என் பெயர், மகள் பெயர், டிக் போட்ட கட்டம் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். புடவையில் இழை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி. டிக் சரியான கட்டத்தில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகு என் பேனாவையே வாங்கித் தன் தாளில் கையெழுத்திட்டார்.

"திங்கக்கிழமை கிளாஸ் ஆரம்பிச்சா, காலையில ரெண்டு பேரையும் நான் கூட்டியாந்து வுடறேன். உங்க பொண்ணு எங்க தெருவுக்கு வந்துடட்டும். பிராக்டிகல் முடிய சாயங்காலம் ஆவும். அப்ப நீங்க வரணும்" என்றார். நான் தலையாட்டினேன். கேட்டு வாங்குகிற மாதிரி இல்லை அது, முடிவான விஷயம்.

தலைமையாசிரியை கணினியில் இரண்டு பெயரையும் ஏற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. மணி நாலு. ஜில்லா பூராவும் இந்த நேரத்தில்தான் ஏற்றுவார்கள் என்றார். டீ வந்தது. நாலரை. வட்டம் சுற்றியது.

அந்த அரை மணி நேரத்தில், வட்டம் அப்படியே நின்றுவிடக் கூடாது என்று மட்டுமே நான் வேண்டிக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசை. முதல் பத்து நிமிடம் அப்படி இல்லை. கையெழுத்தும் போட்டாயிற்று, காரியமும் கெட்டுவிட்டால் எவ்வளவு சௌகரியம் என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பெண் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் இப்போது உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை இல்லை, கணினியை. எழுந்து போய்த் தலைமையாசிரியையின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "மேடம், சைட்ட விட்டு வெளிய வந்துட்டு இன்னொரு தடவை உள்ள போங்களேன்" என்றேன். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்வோம். எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம்.

வெளியே வந்து, மறுபடி உள்ளே போனார். பெயர்கள் அங்கே இருந்தன. எண்ணிக்கைக்கு எதிரே பச்சையில் ஒரு டிக்.

என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏறிடுச்சாப்பா?"

"ஏறிடுச்சு" என்றேன். அந்த அம்மா என் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"வரேன் சார். திங்கக்கிழமை சாயங்காலம் லேட் பண்ணிடாதீங்க. அதுங்க நிக்கும்."